ஜார்ஜியாவின் மலைச்சாலையும் சோவியத் கான்கிரீட்டும்: குழுச் சுற்றுலா எதைக் காட்டுகிறது?

வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் தமிழர்கள், நான்கைந்து நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை கிடைத்தால் ஜார்ஜியாவுக்குப் போய்வருவது பரவலாகிவிட்டது. அங்கே மருத்துவம் படிக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோரும் கையோடு ஒரு குழுச் சுற்றுலாவில் சேர்ந்துகொள்கிறார்கள். அவர்கள் அனுப்பும் படங்களில் இரண்டு விதமான காட்சிகள் கலந்து வருகின்றன. காகசஸ் மலையின் பனிச்சிகரங்கள், பச்சைப் பள்ளத்தாக்குகள், குன்றின் மேல் தனித்து நிற்கும் தேவாலயம் ஆகியவை ஒரு வகை. பெட்டிகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி வைத்தது போன்ற கட்டடம், கூரை இடிந்த தூண் மண்டபம், மலை விளிம்பில் வளைந்து நிற்கும் வண்ணச்சுவர் ஆகியவை இன்னொரு வகை. மலையைப் பார்க்கப் பணம் கட்டியவர்களை இந்தப் பழைய கான்கிரீட்டின் முன்னால் எதற்காக இறக்கிவிடுகிறார்கள் என்று பலரும் குழம்புகிறார்கள்.

பயணத்திட்டத்தில் இவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இடங்களாக அச்சிடப்படுவதே குழப்பத்துக்குக் காரணம். மலையைக் கடக்கும் சாலை, சாலையோர நினைவுச்சின்னம், நகரத்து அலுவலகம், மருத்துவ விடுதி, அங்கே கூட்டமாக வந்து தங்கிப் போகும் பயணி ஆகிய அனைத்தையும் சோவியத் ஆட்சியில் ஒரே அரசுதான் திட்டமிட்டது. இன்றைய குழுச் சுற்றுலாப் பேருந்து, தெரிந்தோ தெரியாமலோ, அந்தப் பழைய திட்டம் போட்டுவைத்த தடத்திலேயே ஓடுகிறது. அந்தத் தடத்தை அடிப்படையிலிருந்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் காலவரிசை

கருங்கடலுக்கும் காகசஸ் மலைத்தொடருக்கும் இடையே உள்ள சிறிய நாடு ஜார்ஜியா. 1921 பிப்ரவரியில் சோவியத் ரஷ்யாவின் செஞ்சேனை தலைநகர் த்பிலிசிக்குள் நுழைந்தது. 1991 ஏப்ரல் 9 அன்று ஜார்ஜியா மீண்டும் விடுதலையை அறிவித்தது. இடைப்பட்ட எழுபது ஆண்டுகளில் எழுந்த எல்லாவற்றையும் "கம்யூனிஸ்ட் காலக் கட்டடம்" என்று ஒரே பெயரில் வழிகாட்டிகள் அழைக்கிறார்கள். அந்தப் பெயர் போதாது. ஒன்றையொன்று மறுத்து எழுந்த கட்டடப் பாணிகள் அதற்குள் அடங்கியிருக்கின்றன. அவற்றில் பயணியின் கண்ணில் படுபவை மூன்று.

1. ஸ்டாலின் காலப் பாணி. ஏறத்தாழ 1930களின் தொடக்கத்திலிருந்து 1955 வரை நீடித்தது. உயர்ந்த தூண்கள், வளைவுகள், அகன்ற படிக்கட்டுகள், கல்லில் செதுக்கிய அலங்காரம் ஆகியவை இதன் அடையாளங்கள். த்பிலிசியின் ருஸ்தாவேலி சாலையில் மார்க்ஸ், எங்கெல்ஸ், லெனின் ஆய்வுக்கூடத்துக்காக 1938இல் கட்டி முடிக்கப்பட்ட மாளிகை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மாஸ்கோவில் லெனின் கல்லறையை வடிவமைத்த அலெக்சி ஷுசேவ்தான் இதையும் வடிவமைத்தார். இன்று அது ஒரு நட்சத்திர விடுதியின் பகுதியாக இருக்கிறது.

2. குருசேவ் காலப் பலகைக் குடியிருப்புகள். 1955 நவம்பரில் சோவியத் அரசு, கட்டடங்களில் "மிகையான" அலங்காரத்தைத் தடைசெய்து ஆணை பிறப்பித்தது. தூணும் சிற்பமும் போய், தொழிற்சாலையில் வார்த்த சுவர்ப் பலகைகளைக் கொண்டுவந்து பொருத்தும் அடுக்குமாடி வீடுகள் வந்தன. லிஃப்ட் வைக்கும் செலவைத் தவிர்க்க ஐந்து மாடியோடு நிறுத்திய கட்டடங்கள் இவற்றில் ஏராளம். பேருந்து ஜன்னலில் வரிசை வரிசையாகக் கடந்துபோகும் சாம்பல் நிறக் கட்டடங்கள் பெரும்பாலும் இவையும் இவற்றின் அடுத்த தலைமுறையுமே. 1990களில் மின்சாரமும் வேலையும் இல்லாமல் தவித்த குடும்பங்கள் இரும்புச் சட்டம் அடித்து வெளியே நீட்டிக்கொண்ட அறைகள் அவற்றின் முகப்பில் இன்னும் தொங்குகின்றன.

3. பிற்கால நவீனப் பாணி. 1960களின் கடைசியிலிருந்து சோவியத் கலைப்பு வரை. குழுச் சுற்றுலாவில் வண்டியை நிறுத்திக் காட்டப்படும் விசித்திரக் கட்டடங்கள் அநேகமாக இந்தக் காலத்தவை.

மூன்றாவது வகையை இணையத்தில் "புரூட்டலிசம்" என்று குறிப்பிடுகிறார்கள். சொல்லின் ஒலியைக் கேட்டுக் கொடூரத்தோடு தொடர்புபடுத்திவிடக் கூடாது. பூச்சில்லாத வெற்றுக் கான்கிரீட்டைக் குறிக்கும் "பெத்தோன் புரூட்" என்ற பிரெஞ்சுத் தொடரோடு சேர்ந்து வளர்ந்த பெயர் அது. கட்டடத்தின் எடையை எது தாங்குகிறது, எந்தப் பொருளால் அது ஆனது என்பதை மறைக்காமல் வெளியே காட்ட வேண்டும் என்பதே அந்தப் பாணியின் கொள்கை. அது மேற்கு ஐரோப்பாவில் பிறந்து சோவியத் நாடுகளிலும் எதிரொலித்த பாணி. பொதுவுடைமைக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை.

ஒரே மாதிரி வீடுகளை லட்சக்கணக்கில் வார்த்துத் தள்ளிய அதே அரசு, இத்தனை விசித்திரமான கட்டடங்களுக்கு எப்படி இடம் கொடுத்தது? வீடுகளுக்கான அளவும் விதியும் மாஸ்கோவிலிருந்து வந்தன. அமைச்சக அலுவலகம், திருமண மண்டபம், நினைவுச்சின்னம் போன்ற தனிக்கட்டடங்களுக்கு அந்த வார்ப்படம் பொருந்தாது. அவற்றில் உள்ளூர் வடிவமைப்பாளருக்குத் தம் கற்பனையைக் காட்ட இடமிருந்தது. ஜார்ஜியாவில் இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. 1978இல் குடியரசின் அரசமைப்பிலிருந்து ஜார்ஜிய மொழியின் ஆட்சிமொழித் தகுதியை நீக்க முயன்றபோது த்பிலிசி மக்கள் தெருவில் இறங்கினார்கள். அரசு பின்வாங்கி அந்தத் தகுதியை நிலைநிறுத்தியது. தம் அடையாளத்தை விட்டுக்கொடுக்காத அந்த மனநிலை மொழியோடு நின்றுவிடவில்லை, கட்டடங்களுக்குள்ளும் புகுந்தது என்பதே இந்தக் கட்டுரையாளரின் கணிப்பு.

விடுமுறையையும் கட்டிக்கொடுத்த அரசு

குழுச் சுற்றுலா என்பது இன்று ஒரு வணிகம். சோவியத் நாட்டில் அது சட்டத்தோடு பிணைந்த ஏற்பாடாக இருந்தது. 1922ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் ஊதியத்துடன் கூடிய ஆண்டு விடுப்பை உறுதிசெய்தது. 1936ஆம் ஆண்டு அரசமைப்பின் 119ஆவது பிரிவு ஓய்வை ஓர் உரிமையாக அறிவித்தது. அந்த உரிமையை நடைமுறைப்படுத்தும் வழிகளில் ஒன்றாக மருத்துவ விடுதிகளையும் ஓய்வு இல்லங்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. ஓய்வு உரிமை என்றால், ஓய்வெடுக்க இடம் வேண்டும். அந்த இடத்தைக் கட்ட வேண்டியது அரசின் கடமையாயிற்று.

இதில் அடிக்கடி காதில் விழும் மூன்று சொற்களைத் தெரிந்துகொள்வது நல்லது. "சானடோரியம்" என்பது மருத்துவர் மேற்பார்வையில் குளியல், நடை, உணவுக் கட்டுப்பாடு ஆகியவற்றோடு சில வாரங்கள் தங்கும் விடுதி. நம் ஊரில் தாம்பரத்தை வைத்து இச்சொல்லைக் காசநோயோடு மட்டும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் இங்கே பொருந்தாது. "புத்யோவ்கா" என்பது பெரும்பாலும் தொழிற்சங்கத்தின் வழியாகக் கிடைத்த தங்கும் சீட்டு. "துர்பாசா" என்பது மலையேறுபவர்களும் நடைப்பயணிகளும் குழுவாகத் தங்கிய எளிய முகாம் விடுதி. வெளிநாட்டுப் பயணிகளைக் கவனிக்க 1929இல் "இன்டூரிஸ்ட்" என்ற அரசு நிறுவனம் தனியாகத் தொடங்கப்பட்டது.

இந்த ஏற்பாட்டின் முழு உருவத்தையும் பார்க்க வேண்டுமானால் மேற்கு ஜார்ஜியாவில் குத்தாய்சி நகரத்துக்கு அருகில் உள்ள த்ஸ்கால்துபோவுக்குப் போக வேண்டும். அங்கே நிலத்தடியிலிருந்து வரும் ரேடான் என்ற வாயு கலந்த நீர் 33 முதல் 35 டிகிரி வரை இயல்பாகவே இளஞ்சூட்டில் இருக்கிறது. காய்ச்சவோ ஆற்றவோ தேவையில்லை என்பதால், ஊற்று நீர் ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியிலேயே இறங்கிக் குளிக்கலாம். அந்த ஊற்றுகளைச் சுற்றி ஒரு பூங்கா, பூங்காவுக்குள் எண்ணிட்ட குளியல் இல்லங்கள், பூங்காவைச் சுற்றி இருபதுக்கும் மேற்பட்ட சானடோரியங்கள் என்று ஒரு நகரமே எழுந்தது. மாஸ்கோவிலிருந்து நேரடி ரயில் வந்தது. "மெட்டலுர்கி" என்ற விடுதியின் பெயர் உலோகத் தொழிலாளர்களையும், "ஷாக்தியோரி" என்ற விடுதியின் பெயர் சுரங்கத் தொழிலாளர்களையும் குறிக்கிறது. எந்தத் தொழில் எந்த விடுதியைக் கட்டியது என்பதைப் பெயர்ப்பலகையே சொல்லிவிடுகிறது. ஆறாம் எண் குளியல் இல்லத்தில் ஸ்டாலின் உருவத்தைச் செதுக்கிய புடைப்புச் சிற்பம் இன்றும் இருக்கிறது.

இந்த இடத்தைப் "பேய் விடுதிகள்" என்று விளம்பரப்படுத்துவது வருத்தத்துக்குரியது. 1992–93இல் ஜார்ஜியாவின் வடமேற்குப் பகுதியான அப்காசியாவில் நடந்த போரில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜார்ஜியர்கள் வீடிழந்தார்கள். அவர்களில் ஆயிரக்கணக்கானோரை அரசு த்ஸ்கால்துபோவின் காலி சானடோரியங்களில் குடியமர்த்தியது. தற்காலிகம் என்று சொல்லப்பட்ட அந்தக் குடியிருப்பு ஒரு தலைமுறைக் காலம் நீண்டது. தூண் மண்டபத்து மாடத்தில் துணி காயும். ஜன்னல் கண்ணாடியை எடுத்துவிட்டு அடுப்புப் புகைக்குழாயை வெளியே விட்டிருப்பார்கள். சுரங்கத் தொழிலாளி இரண்டு வாரம் ஓய்வெடுத்த அறையில் ஒரு குழந்தை பிறந்து வளர்ந்து பள்ளிக்கூடம் முடித்திருக்கும். பிற்காலத்தில் பெரும்பாலான குடும்பங்களுக்குப் புதிய வீடுகள் தரப்பட்டன. கட்டடங்கள் விற்பனைக்கு வந்தன. அங்கே காணப்படும் சிதைவுக்கு ஆட்சி வீழ்ந்தது மட்டும் காரணமாகாது. போரும் அதற்குப் பாதிப் பொறுப்பு.

ஒரு பொறியாளர், ஓர் அமைச்சகம், ஒரு சாலை

த்பிலிசியில் குரா ஆற்றின் செங்குத்தான கரையில், காடு மாதிரி மரங்கள் அடர்ந்த சரிவில், 1975இல் ஒரு கட்டடம் எழுந்தது. நெடுஞ்சாலைக் கட்டுமான அமைச்சகத்துக்காகக் கட்டப்பட்டது அது. கியோர்கி சாகாவா, சுராப் ஜலகானியா ஆகிய இருவரும் வடிவமைத்தார்கள். செங்குத்தான தண்டுகள் நிலத்திலிருந்து எழ, இரண்டிரண்டு மாடி உயரமுள்ள ஐந்து நீண்ட கிடைப்பெட்டிகள் அவற்றின்மேல் ஒன்றுக்கொன்று குறுக்காகப் படுத்திருக்கின்றன. லிஃப்டும் படிக்கட்டும் தண்டுகளுக்குள் ஓடுகின்றன.

வடிவத்தின் பின்னால் ஒரு தெளிவான கணக்கு இருந்தது. சரிவான நிலத்தில் வழக்கமான கட்டடத்தைக் கட்ட வேண்டுமானால் மலையை வெட்டிச் சமன்படுத்த வேண்டும். மரங்கள் போகும், மழைநீர் வடிந்த பாதை போகும். எடையையெல்லாம் சில தண்டுகளில் இறக்கிவிட்டால் நிலத்தைத் தொடும் பரப்பு மிகக் குறைவு. பெட்டிகளுக்கு அடியில் சரிவும் செடியும் முன்போலவே தொடரும். காட்டு மரத்தை மாதிரியாகக் கொண்ட இந்த முறைக்கு சாகாவா "விண்வெளி நகரம்" என்று பெயர் கொடுத்தார்: தண்டு அடிமரம், பெட்டிகள் கிளைகள், இடையே வெற்றிடம்.

இத்தனை துணிச்சலான வரைபடத்துக்கு அனுமதி எப்படிக் கிடைத்தது என்பதற்கான விடை, சாகாவா வகித்த பதவியில் இருக்கிறது. அவரே அந்த அமைச்சகத்தின் பொறுப்பிலும் இருந்தார். கட்டடத்தைக் கேட்டவரும் வரைந்தவரும் ஒருவரே. 2007இல் இக்கட்டடம் தேசியப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் ஜார்ஜிய வங்கி இதை வாங்கி, பிறகு புதுப்பித்துத் தன் தலைமையகமாக்கிக்கொண்டது. அலுவலகம் என்பதால் பயணிகள் பெரும்பாலும் வெளியில் நின்றே பார்க்கிறார்கள். கீழே ஆற்றங்கரைச் சாலையிலிருந்து அண்ணாந்து பார்ப்பதை விட, சரிவின் மேல்பக்கத்துக்கும் ஏறிப்போய்ப் பார்த்தால்தான் கட்டடத்துக்கு அடியில் மலை தடையின்றி ஓடுவது புரியும்.

இதே சாகாவாவின் இன்னொரு படைப்புதான், த்பிலிசியிலிருந்து வடக்கே போகும் மலைச்சாலையில் குதவுரி என்ற ஊரைத் தாண்டி நிற்கும் வண்ணச்சுவர். சாலைகளுக்குப் பொறுப்பான அமைச்சகத்தைக் கட்டியவரே, கடினமான மலைச்சாலை உச்சியை நெருங்கும் இடத்தில் நினைவுச்சின்னத்தையும் வடிவமைத்தார். குழுச் சுற்றுலாவில் முதல் நாள் ஒன்றையும் இரண்டாம் நாள் மற்றதையும் காட்டுகிறார்கள். இரண்டையும் இணைத்துச் சொல்லும் வழிகாட்டி அமைவது அரிது.

மலைச்சாலை: நான்கு இடங்கள்

அந்தச் சாலைக்கு "ஜார்ஜிய ராணுவச் சாலை" என்று பெயர். த்பிலிசியையும் ரஷ்யாவின் விளாதிகவ்காஸ் நகரத்தையும் இணைக்கும் சுமார் 200 கிலோமீட்டர் நீளமான பாதை இது. பழங்காலந்தொட்டே வணிகர்களும் படைகளும் நடந்த தடத்தை 19ஆம் நூற்றாண்டில் ரஷ்யப் பேரரசு தன் படை போவதற்காகச் சாலையாக்கியது. ரஷ்யாவுக்கும் ஜார்ஜியாவுக்கும் இடையே முறைப்படி இயங்கும் ஒரே தரைவழி எல்லைச் சாவடியான லார்ஸ் இந்தச் சாலையில்தான் இருக்கிறது. துருக்கியுடனும் அஜர்பைஜானுடனும் எல்லை மூடப்பட்ட ஆர்மீனியாவுக்கு ரஷ்யாவோடு உள்ள தரைவழி வணிகமும் இதே சாலையை நம்பியது. அதனால்தான் சுற்றுலாப் பேருந்துகள் கனரக லாரிகளின் நீண்ட வரிசைக்குப் பின்னால் ஊர்ந்து ஏற வேண்டியிருக்கிறது.

1. ஜின்வாலி நீர்த்தேக்கம். 1980களில் நிறைவடைந்த அணை, சுமார் 100 மீட்டர் உயரம். த்பிலிசியின் குடிநீரில் பெரும்பங்கு இங்கிருந்து போகிறது. பயணிகள் படம் எடுத்துக்கொள்ளும் அந்தப் பச்சை நீர்ப்பரப்பு, இயற்கை ஏரி என்று பலரும் நினைக்கும் சோவியத் கட்டுமானம். பழைய சாலையின் ஒரு பகுதி இதற்குள் மூழ்கிக் கிடக்கிறது. கரையில் நிற்கும் அனனூரிக் கோட்டையின் பெரிய தேவாலயம் 1689இல் கட்டப்பட்டது. கோட்டை அடிவாரம் வரை தண்ணீர் வந்தது அணைக்குப் பிறகுதான்.

2. பசனவுரி. வெள்ளை அரக்வி, கறுப்பு அரக்வி என்ற இரண்டு ஆறுகள் சேருமிடம். சேர்ந்த பிறகும் சிறிது தூரம் இரு நிறமும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. இங்கே வண்டி ஐந்து நிமிடம் நின்றால் போதும்.

3. நட்புச் சின்னம். மேலே சொன்ன சாகாவாவின் வண்ணச்சுவர் இதுதான். 1983இல், கியோர்கியெவ்ஸ்க் ஒப்பந்தத்தின் 200ஆம் ஆண்டு நினைவாகக் கட்டப்பட்டது. கல்லும் கான்கிரீட்டும் கொண்ட வட்ட மேடை. அதன் சுவரின் உட்புறம் முழுவதும் வண்ண ஓடுகளில் ஜார்ஜிய, ரஷ்ய வரலாற்றுக் காட்சிகள். சுவரில் திறந்த வளைவுகள் வழியாகக் கீழே "சாத்தான் பள்ளத்தாக்கு" என்று பெயர் பெற்ற ஆழம் தெரிகிறது. ஓவியத்தைப் பார்க்கத் திரும்பினால் வளைவு வழியே மலை தெரியும். மலையைப் பார்க்க நின்றால் தோளருகே ஓவியம் வரும். இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாதபடி திட்டமிட்ட இடம் அது.

இங்கே வரலாற்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். 1783இல் கிழக்கு ஜார்ஜிய மன்னர் இரண்டாம் எரெக்லே, பாரசீகத் தாக்குதலிலிருந்து பாதுகாப்பு வேண்டி ரஷ்யாவுடன் அந்த ஒப்பந்தத்தைச் செய்துகொண்டார். 1795இல் பாரசீக ஆட்சியாளர் ஆகா முகமது கான் த்பிலிசியைச் சூறையாடியபோது ரஷ்யப் படை காக்க வரவில்லை. 1801இல் ரஷ்யா அந்த அரசையே தன்னோடு இணைத்துக்கொண்டது. 2008இல் இரு நாடுகளும் போரிட்டன. நட்பின் பெயரால் எழுந்த சின்னத்தின் முன் ஜார்ஜிய வழிகாட்டி ஒரு நிமிடம் தயங்கிப் பேசினால், அந்தத் தயக்கத்துக்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது.

4. ஜ்வாரி கணவாயும் ஸ்டெபன்ட்ஸ்மிண்டாவும். ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்தில் சாலை மலைத்தொடரைத் தாண்டுகிறது. கணவாயைக் கடந்ததும் கனிம ஊற்று படிந்து ஆரஞ்சு நிறமாக இறுகிய பாறைச் சரிவும், பனிச்சரிவு சாலையில் விழாமல் மேலே வழுக்கிப் போவதற்காகக் கட்டிய கூரைப் பாதைகளும் வரும். அந்த இருண்ட நீளக் கொட்டகைகளை யாரும் படம் எடுப்பதில்லை. குளிர்காலத்தில் இந்தச் சாலை உயிரோடிருப்பது அவற்றால்தான். இறுதியில் ஸ்டெபன்ட்ஸ்மிண்டா. சோவியத் காலத்தில் கஸ்பெகி என்று பெயர் மாற்றப்பட்டு, 2006இல் பழைய பெயரைத் திரும்பப் பெற்ற ஊர். ஊருக்கு மேலே 2,170 மீட்டர் உயரத்தில் 14ஆம் நூற்றாண்டின் கெர்கெட்டி தேவாலயம். அதற்கும் பின்னால் 5,000 மீட்டரைத் தாண்டிய கஸ்பெக் சிகரம். 1988இல் அதிகாரிகள் இத்தேவாலயத்துக்கு ஒரு ரோப்கார் அமைத்தார்கள். தங்கள் புனித இடம் கெட்டுவிடும் என்று கருதிய ஊர்மக்கள் அதைத் தகர்த்துவிட்டார்கள். மலையில் எதைக் கட்டலாம் என்ற கேள்வியில் அரசுக்கு எப்போதும் வெற்றி கிடைக்கவில்லை என்பதற்கு அங்கே எஞ்சியிருக்கும் வெறுமையே சான்று.

மலைச்சரிவும் ரோப்காரும் வானப்பாலமும்

செங்குத்தான நிலத்தில் தொழிலாளர்களைக் குடியமர்த்தினால், அவர்கள் அன்றாடம் ஏறி இறங்குவதற்கும் வழி செய்ய வேண்டும். மாங்கனீசுச் சுரங்க நகரமான சியாத்துரா, குவிரிலா ஆற்றின் ஆழமான பள்ளத்தாக்கில் கிடக்கிறது. வீடுகள் கீழே, சுரங்கங்கள் மேலே. 1954இல் அங்கே பயணிகள் ரோப்கார் தொடங்கியது. பிறகு ஊரின் எல்லாத் திசைக்கும் கம்பிகள் நீண்டன. துருவேறிய இரும்புப் பெட்டிகளில் பல பத்தாண்டுகள் மக்கள் வேலைக்கும் சந்தைக்கும் போய்வந்தார்கள். 2021இல் புதிய பெட்டிகளும் நிலையங்களும் இயங்கத் தொடங்கின. பழைய பெட்டியில் ஏறலாம் என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம்.

த்பிலிசியின் நுத்சுபிட்சே மேட்டில் இதே சிக்கலுக்கு வேறொரு தீர்வு. 1970களில் சரிவில் கட்டிய மூன்று உயர்ந்த குடியிருப்புகளை வானத்தில் பாலங்களால் இணைத்து, கடைசிப் பாலத்தை மலையின் மேல் தெருவோடு சேர்த்துவிட்டார்கள். கீழ்த் தெருவில் இருப்பவர் லிஃப்டில் ஏறி, பாலத்தில் நடந்து, மேல் தெருவுக்குப் போய்விடலாம். லிஃப்டில் சில்லறை போட வேண்டும். பராமரிப்புக்கு அந்தக் காசு பயன்படுகிறது. பாலத்தில் நடக்கும்போது இருபுறமும் கதவுகள், துணிக்கொடிகள், கையில் காய்கறிப் பையோடு வீடு திரும்பும் ஒரு பாட்டி. சோவியத் கட்டடக்கலையில் பார்க்க வேண்டிய ஒரே ஓர் இடத்தைச் சொல்லச் சொன்னால், அமைச்சகக் கட்டடத்தை விட இந்தப் பாலத்தைத்தான் சொல்லத் தோன்றுகிறது. காரணம், இது கட்டப்பட்ட வேலையை இன்னும் செய்துகொண்டிருக்கிறது.

மலைக் கான்கிரீட் ஏன் உதிர்கிறது

"நாற்பது ஆண்டுக் கட்டடம் இப்படியா பாழாகும், தரமில்லாமல் கட்டிவிட்டார்கள்" என்பது பயணிகள் அடிக்கடி சொல்லும் தீர்ப்பு. வேலைத்தரக் குறை இருந்ததுண்டு. ஆனால் மலையில் நடப்பது முதன்மையாக இயற்பியல். கான்கிரீட்டில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. பகலில் உருகும் பனி அவற்றுக்குள் இறங்குகிறது; இரவில் உறையும்போது நீரின் கனஅளவு சுமார் 9 சதவீதம் கூடுகிறது. குளிர்காலம் முழுவதும் இது திரும்பத் திரும்ப நடந்தால் மேற்பரப்பு செதில் செதிலாகக் கழன்றுவிடும். பிறகு ஈரம் உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியை எட்டுகிறது. துரு, அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த அழுத்தத்தில் கம்பியைச் சுற்றியுள்ள கான்கிரீட் வெடித்து விழுகிறது. வண்ண ஓடு பதித்த சுவரில் சிக்கல் இன்னும் கூடுதல். ஓட்டுக்கும் சுவருக்கும் இடையே புகுந்த ஈரம் உறைந்து ஓடுகளை முன்னே தள்ளும்.

இதைத் தடுக்கக் கூரையைக் கசியாமல் வைப்பதும், வெடிப்பை உடனுக்குடன் அடைப்பதும் போதும். 1990களில் உள்நாட்டுப் போரும் மின்வெட்டும் பஞ்சமும் கடந்துகொண்டிருந்த நாட்டில் அதைச் செய்ய ஆளும் இல்லை, பணமும் இல்லை. வங்கி வாங்கிய அமைச்சகக் கட்டடம் இன்று உறுதியாக நிற்பதும், யாருக்கும் உடைமையாக இல்லாமல் போன விடுதிகளில் கூரை விழுந்ததும் இதனால்தான்.

பயணத்தைத் தேர்ந்தெடுப்பவர் கவனிக்க வேண்டியவை

1. நேரப் பங்கீடு. த்பிலிசியிலிருந்து ஸ்டெபன்ட்ஸ்மிண்டாவுக்குக் காலையில் போய் இரவில் திரும்பும் ஒருநாள் பயணத்தில் பெரும்பகுதி நேரம் இருக்கையிலேயே கழியும். நட்புச் சின்னத்தில் இருபது நிமிடம் கிடைத்தால் அதிகம். மலையடிவாரத்தில் ஒரு இரவு தங்கும் திட்டமே மேல். கஸ்பெக் சிகரம் பிற்பகலில் மேகத்துக்குள் மறைந்து, மறுநாள் விடியலில் முழுதாகத் தெரிவது வழக்கம்.

2. வண்டி மாற்றம். கெர்கெட்டிக்குப் பெரிய பேருந்து ஏறாது. ஊரில் இறங்கிச் சிறிய வண்டிக்கு மாற வேண்டும். அந்தக் கட்டணம் சேர்த்தா, தனியா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

3. குளிர்காலம். கடும் பனி பொழிந்தால் அல்லது பனிச்சரிவு அபாயம் இருந்தால் குதவுரிக்கு மேல் சாலையை மூடிவிடுவார்கள். அது வழிகாட்டியின் தவறாகாது. மாற்றுத் திட்டம் என்ன என்று எழுத்தில் வாங்கிவைப்பது பயணியின் பொறுப்பு.

4. சிதைந்த கட்டடங்களுக்குள் நுழைவது. த்ஸ்கால்துபோவில் சில படிக்கட்டுகளுக்குக் கைப்பிடியே இல்லை. மாடித் தளங்களில் ஓட்டை இருக்கும். எங்காவது துணி காய்ந்தால் அது ஒரு வீடு. அனுமதி கேட்காமல் வாசலுக்குள் கேமராவை நீட்டக் கூடாது.

5. கோரி நகரத்து ஸ்டாலின் அருங்காட்சியகம். 1957இல் திறக்கப்பட்டது, அவர் பிறந்த சிறு வீடும், அவர் பயணம் செய்த ரயில் பெட்டியும் அங்கே உள்ளன. நகரச் சதுக்கத்தில் நின்ற சிலையை 2010 ஜூனில் அரசு அகற்றியது. புகழ் பாடும் காட்சிப்பொருள்கள் நிறைய, அவர் ஆட்சியில் கொல்லப்பட்டோர் பற்றிய பகுதி மிகச் சிறிது. அந்த இடைவெளியை நிரப்பிப் பேசும் வழிகாட்டி இல்லாவிட்டால், அந்த ஒரு மணி நேரத்தை நுத்சுபிட்சே பாலத்தில் செலவிடலாம்.

சாலை மாறப்போகிறது

ஜ்வாரி கணவாயைத் தவிர்க்க, க்வெஷெட்டி, கோபி என்ற ஊர்களுக்கு இடையே சுமார் 9 கிலோமீட்டர் நீளமான குகைப்பாதையோடு புதிய சாலை கட்டும் வேலை நடந்துவருகிறது. ஆசிய வளர்ச்சி வங்கியும் ஐரோப்பிய மறுகட்டமைப்பு வளர்ச்சி வங்கியும் கடன் கொடுத்திருக்கின்றன. பனிச்சரிவால் சாலை மூடப்படுவது குறைய வேண்டும், லாரிகள் உச்சிக்கு ஏறாமலே மலையைத் தாண்ட வேண்டும் என்பது நோக்கம். அது முழுப் பயன்பாட்டுக்கு வந்தபின், குதவுரியின் வளைவுகளும் நட்புச் சின்னமும் ஆரஞ்சுப் பாறையும் பழைய சாலையில் நிற்கும். ஸ்டெபன்ட்ஸ்மிண்டாவுக்குச் சீக்கிரம் போய்ச்சேர நினைக்கும் பேருந்து மலைக்கு அடியில் இருட்டில் போகும். சாகாவாவின் சுவரைப் பார்க்க விரும்புகிறவர், எந்த வழியாகப் போகிறீர்கள் என்று பணம் கட்டும் முன்பே கேட்க வேண்டியிருக்கும்.